ஒரே வீட்டுக்கு மூன்று விலை: விவாகரத்தின்போது வீட்டை மதிப்பிட்ட அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 61 லட்சம் ரூபாய் என்று என் கையில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. அதே வீட்டுக்கு 82 லட்சம் என்று என் கணவர் கையில் இன்னொரு அறிக்கை இருந்தது. இரண்டும் 2024ஆம் ஆண்டில், சில வார இடைவெளியில், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தவை. வித்தியாசம் 21 லட்சம். ஆளுக்குப் பாதி என்றால் நான் அவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை பத்தரை லட்சம் ஏறும் அல்லது இறங்கும். மாதச் சம்பளத்தில் வீடும் மகளும் என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது வருடக்கணக்கான சேமிப்பு. இரண்டு காகிதங்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் அப்போது தோன்றியது. யாரும் பொய் சொல்லவில்லை என்பது புரிய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடத்தை இன்னொருவர் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை 2013இல் இருவர் பெயரிலும் வாங்கினோம். பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 50 லட்சம் ஆனது. அதில் 40 லட்சம் வங்கிக் கடன். கடனிலும் இருவரும் கூட்டாளிகள். 2022இல் அவர் தனியாகப் போய்விட்டார். நானும் பெண்ணும் வீட்டில் இருந்தோம். 2023இல் குடும்பநல நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். ஆகவே வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிப்பதைவிட, அவர் பங்கை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். "அப்படியென்றால் வீட்டுக்கு ஒரு விலை போட்டுவிடுங்கள்" என்று இரண்டு வக்கீல்களும் சொன்னார்கள். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று யாருமே விளக்கவில்லை. அம்மா ஊரில் இருந்து, "வீடு போனால் போகட்டும், கழுத்தில் இருந்து கல் இறங்கட்டும்" என்று அழுதார். உடன் வேலை செய்பவர்களிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தது.

என் கையில் இருந்த 61 லட்ச அறிக்கை எப்படி வந்தது என்று சொல்கிறேன். அலுவலகத்தில் ஒருவர் வீட்டுக் கடன் வாங்கியபோது வந்த என்ஜினீயரின் எண்ணைக் கொடுத்தார். வங்கிகளின் பட்டியலில் இருப்பவர், நேர்மையானவர். 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த வங்கிக்கு அம்மா?" என்பதுதான். வங்கிக்கு இல்லை, குடும்ப விஷயம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பழக்கமான வங்கிப் படிவத்திலேயே அறிக்கை கொடுத்தார். அதில் நியாயமான சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசரமாக விற்றால் கிடைக்கும் மதிப்பு என்று மூன்று தொகைகள் இருந்தன. வங்கிக்காக மதிப்பிடுபவர் அடக்கி வாசிப்பார். கடன் வாராக் கடனானால் அந்த வீட்டை விற்றுப் பணம் எடுக்க முடியுமா என்பதுதான் வங்கியின் கவலை. மனைவி கணவரின் பங்கை வாங்கும்போது எது நியாயம் என்பது முற்றிலும் வேறு கேள்வி. அவர் தரப்பு வக்கீல் அந்த அறிக்கையைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்டார். எந்த நோக்கத்துக்காக? எந்தத் தேதிக்கு? எந்தப் பரப்பளவுக்கு? மூன்றுக்கும் அந்தக் காகிதத்தில் தெளிவான பதில் இல்லை. 6,000 ரூபாய் அன்றோடு போனது.

பிறகு என் கணவர் ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பினார். அந்த நாளைப் பற்றி எழுதும்போது இன்னமும் நெஞ்சு படபடக்கிறது. வந்தவர் மரியாதையானவர்தான். ஆனால் என் வீட்டின் ஒவ்வொரு கதவையும் நான் திறந்துவிட, ஒவ்வொரு அறையையும் அவர் படம் எடுத்து எடுத்து யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற என் கணவர், ஒன்பது வருடம் வாழ்ந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். பெண்ணை அன்று தோழி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். இதை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். மதிப்பீட்டாளர் வருகிற நாளில் பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதற்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு. நான் தனியாக இருந்தேன். அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய அறிக்கையில் 82 லட்சம் எப்படி வந்தது? அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் இந்த முழு அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பலம். 1,080 சதுர அடியை 7,600 ரூபாயால் பெருக்கியிருந்தார், அவ்வளவுதான். அந்த 1,080 என்பது கட்டுநர் 2013இல் அச்சடித்த விளம்பரத் தாளில் இருந்த பரப்பளவு. பதிவான கட்டுமான ஒப்பந்தத்தில் பொதுப் பகுதியின் பங்கையும் சேர்த்து இருந்ததே 980 சதுர அடிதான். உள்ளே அளந்தால் கால் வைத்து நடக்கக்கூடிய இடம் 745. ஒரே வீட்டுக்கு மூன்று பரப்பளவுகள், மூன்றும் ஏதாவது ஒரு தாளில் இருக்கின்றன. 7,600 ரூபாய் எங்கிருந்து வந்தது என்றால், வீடு விற்கும் இணையதளங்களில் பக்கத்துத் தெருக்களில் புதிதாகக் கட்டுகிறவர்கள் கேட்கும் விலை. கேட்கும் விலை வேறு, கைமாறிய விலை வேறு. புது வீட்டின் விலை வேறு, பதினோரு வருட வீட்டின் விலை வேறு. கூடவே, மாதவரத்தில் இருந்து சோழிங்கநல்லூர் வரை போகும் மெட்ரோ வழித்தடம் மடிப்பாக்கம் வழியாக வருவதால் விலை ஏறும் என்று ஒரு பத்தி எழுதியிருந்தார். அது உண்மைதான். ஆனால் அப்போது ரயில் ஓட ஆரம்பிக்கவில்லை. சாலை தோண்டிக் கிடந்தது. வருங்காலத்தில் வரப்போகிற லாபத்துக்கு நான் இன்றைக்குக் கடன் வாங்கிப் பணம் கொடுக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

என் தரப்பு அறிக்கையையும் அதே கண்ணோடு பார்த்தேன். அதில் நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருந்தார். எங்கள் பெயரில் பிரிபடாத பாகமாக, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் எங்கள் வீட்டுக்கான பங்காக, இருக்கும் நிலம் 540 சதுர அடி. சதுர அடி 8,000 வீதம் 43 லட்சத்து 20 ஆயிரம். கட்டடம் 980 சதுர அடி, இன்றைக்குக் கட்டினால் சதுர அடிக்கு 2,100 ரூபாய் ஆகும் என்று வைத்து, கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் என்ற கணக்கில் பதினோரு வருடத் தேய்மானத்தைக் கழித்து 17 லட்சம் சொச்சம். இதர வசதிகளுக்கு ஒரு சிறு தொகை. மொத்தம் 61. கணக்கில் பிழை இல்லை. ஆனால் வாங்க வருகிறவர் யாரும் அடுக்குமாடி வீட்டை இப்படி நிலம் தனி, செங்கல் தனி என்று பார்த்து வாங்குவதில்லை. அந்தக் கட்டடத்தில் அதே போன்ற வீடு கடைசியாக என்ன விலைக்குப் போனது என்றுதான் கேட்பார். அப்படிப் பார்த்தால் 61 குறைவு என்று எனக்கே தெரிந்தது. அதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, ஆனாலும் தெரிந்தது.

அப்போது ஒரு காரியம் செய்தேன். இதை எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். உங்கள் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் போட்டு, கடந்த சில வருடங்களுக்குத் தேடினால், உங்கள் கட்டடம் இருக்கும் அந்த நிலத்தில் நடந்த எல்லாப் பதிவுகளும் வரும். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீடுகள் கைமாறியிருந்தது அதில்தான் தெரிந்தது. ஆனால் வாசிக்கும்போது கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பல வருடங்களாகக் கட்டுநரிடம் இருந்து முதல்முறை வாங்கும்போது நிலத்தின் பாகத்துக்கு ஒரு கிரயப் பத்திரமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் போடுவது வழக்கமாக இருந்தது. அந்தக் கிரயத்தில் இருக்கும் தொகை நிலத்துக்கு மட்டுமே. அதைப் பார்த்து "வீடே இருபது லட்சம்தான்" என்று யாராவது வாதாடினால் ஏமாறாதீர்கள். மறுவிற்பனைப் பத்திரங்களைப் பாருங்கள். அதிலும் முழு விலையைக் காட்டாத பத்திரங்கள் உண்டு. அதனால் விற்றவர்களிடமே போய்க் கேட்டேன். ஒருவர் சொன்னார், இன்னொருவர் கதவைச் சாத்தினார். அரசின் வழிகாட்டி மதிப்பையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முத்திரைத் தீர்வை வசூலிக்க அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை. 2024 ஜூலையில் அது மாறியது. உங்கள் வீட்டின் சந்தை விலை அதற்கு மேலும் இருக்கலாம், சில இடங்களில் அதை ஒட்டியும் இருக்கலாம்.

வழக்கு சமரச மையத்துக்குப் போனது. அங்கே இருந்த மத்தியஸ்தர் ஒரு மூத்த வக்கீல், நடுத்தர வயது அம்மாள். இரண்டு அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "இவர்கள் இருவரும் நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்" என்றார். அதன்பிறகு விலையைப் பற்றிப் பேசவே அவர் விடவில்லை. மதிப்பீட்டாளருக்குக் கொடுக்க வேண்டிய கேள்வித்தாளைத்தான் எங்களை உட்கார வைத்து எழுத வைத்தார். ஒரே ஒரு பக்கம். இந்தப் பக்கத்தை முதலிலேயே எழுதியிருந்தால் எங்கள் இருவருக்கும் இரண்டு அறிக்கைகளின் செலவும் மாதக்கணக்கான வாய்தாக்களும் மிச்சமாகியிருக்கும். வீட்டுக்குள் எந்த மதிப்பீட்டாளரும் கால் வைக்கும் முன் எழுத வேண்டிய பக்கம் அது.

அதில் இருந்தது இதுதான். நோக்கம், கூட்டு உரிமையாளர் ஒருவரின் பாதிப் பங்கை மற்றவர் வாங்குவது; கடனுக்காகவோ வரிக்காகவோ அல்ல. தேதி, மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்கும் நாள். இந்தத் தேதி விஷயத்தில் நாங்கள் வெகுநேரம் மோதிக்கொண்டோம். பிரிந்த 2022இன் விலை போதும் என்றேன் நான். இன்றைய விலை வேண்டும் என்றார் அவர். பிரிந்த தேதிதான், வழக்குப் போட்ட தேதிதான் என்று நம் சட்டம் எதையும் கட்டாயமாக வைக்கவில்லை. இருவரும் ஒத்துக்கொள்ளும் தேதிதான் தேதி. இன்றைய தேதிக்கு ஒத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நான் தனியாகக் கட்டிய தவணைகளைக் கணக்கில் எடுக்கச் செய்தேன். பரப்பளவு, பதிவான கட்டுமான ஒப்பந்தத்தில் உள்ள 980. முறை, அதே கட்டடத்திலும் அரை கிலோமீட்டருக்குள்ளும் நடந்த மறுவிற்பனைகளோடு ஒப்பிடுவது. நிலம்–கட்டடக் கணக்கு சரிபார்ப்புக்கு மட்டும். மெட்ரோவுக்கு என்று தனியாகக் கூட்டக் கூடாது. இன்று வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார் என்றால் அது ஒப்பீட்டு விற்பனைகளிலேயே தெரிந்துவிடும். கட்டணம் ஆளுக்குப் பாதி. இருவரில் யாரும் மதிப்பீட்டாளரோடு தனியாகப் பேசக் கூடாது. வரைவு அறிக்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். கேள்வி இருந்தால் எழுத்தில், மற்றவருக்கும் நகல் வைத்து. கடைசியாக வரும் தொகைக்கு இருவரும் கட்டுப்பட வேண்டும்.

சமரசம் நடக்காவிட்டால் வேறு வழி இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி சொத்தின் சந்தை மதிப்பைக் கண்டறிய ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் மனு, எதிர்மனு, ஆணையருக்கான கட்டணம், அவர் வரும் நாள், அறிக்கைக்கு ஆட்சேபணை என்று அது நீளும். எதிர்த் தரப்பு வீட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்றால் மட்டும் அந்த வழியைப் பிடியுங்கள்.

மூன்றாவது மதிப்பீட்டாளரை மத்தியஸ்தர் முன்னிலையில் தேர்ந்தெடுத்தோம். எங்கள் கடன் இருந்த வங்கியின் பட்டியலிலும், என் கணவரின் சம்பளக் கணக்கு இருந்த வங்கியின் பட்டியலிலும் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று பார்த்தோம். பதிவு எண்ணையும் கேட்டோம். மதிப்பீட்டாளர்களில் வருமான வரித்துறையிடம் செல்வ வரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பதிவு செய்தவர்கள் உண்டு. செல்வ வரி போய்விட்டாலும் அந்தப் பதிவு அப்போதும் தொடர்ந்தது. நிறுவனச் சட்டத்தின் கீழ் திவால் வாரியத்தில் பதிவு செய்தவர்கள் வேறு. முக்கியமாக, நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் வருவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்ட சிலர் அந்தக் கேள்வியிலேயே விலகிக்கொண்டார்கள். வந்தவர் 15,000 கேட்டார், அதில் என் பாதி 7,500.

அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தபோதுதான் மதிப்பீடு என்றால் என்னவென்றே எனக்குத் தெரிந்தது. லேசர் கருவியைச் சுவரில் வைத்து ஒவ்வொரு அறையையும் அளந்தார். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர் ஓதமேறி, பெயின்ட் கொப்பளித்து நிற்கும். நான் அதன்முன் ஒரு அலமாரியை நிறுத்தி வைத்திருந்தேன். அலமாரியை நகர்த்தச் சொல்லி, கொப்பளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். உப்புப் பூத்த சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினார். கீழே இறங்கிக் காவலாளியிடம் போய், மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டார். 2023 டிசம்பரில் வாகன நிறுத்தத்தில் முழங்கால் அளவு நின்றது என்று அவர் தூணில் கையை வைத்துக் காட்ட, அந்த இடத்தையும் படம் எடுத்துக்கொண்டார். வாகன நிறுத்தம் எங்கள் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் ஒதுக்கீட்டுக் கடிதமா என்று கேட்டார். கட்டட நிறைவுச் சான்று, அங்கீகரித்த வரைபடம், தாய்ப்பத்திரம், சொத்து வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு அட்டை எல்லாவற்றின் நகலையும் கேட்டார். இவற்றை முன்கூட்டியே இரண்டு தொகுப்பாக எடுத்து வையுங்கள். மூல ஆவணங்கள் வங்கியில் இருந்தால், நகல் கேட்டு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அது வந்து சேர நாள் பிடிக்கிறது.

ஒரு விஷயம் வலித்தது. 2019இல் என் ஊக்கத்தொகை முழுவதையும் போட்டு 2,80,000 ரூபாய்க்குச் சமையலறையில் மரவேலை செய்திருந்தேன். அறிக்கையில் அது "உள்வேலைப்பாடு: சாதாரணம்" என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிட்டது. மதிப்பில் எதுவும் கூடவில்லை. கேட்டபோது, வாங்குகிறவர் அதைப் பெயர்த்துவிட்டு வேறு போடுவார் அம்மா என்றார். அப்படிப்பட்ட செலவுகளுக்கு ரசீது இருந்தால் மதிப்பீட்டில் நுழைக்கப் போராட வேண்டாம். உங்கள் இருவருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் கணக்கில் தனி வரியாகக் கேளுங்கள். எனக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை, குறைந்தது கேட்டேன்.

அறிக்கை 68 லட்சம் என்று வந்தது. 980 சதுர அடி, சதுர அடிக்கு ஏறக்குறைய 6,900. இருவருக்குமே மகிழ்ச்சி இல்லை, இருவராலும் எதிர்த்துச் சொல்லவும் முடியவில்லை. அதில் நிலுவைக் கடன் 26 லட்சத்தைக் கழித்தால் 42; பாதி 21 லட்சம். இந்தக் கழித்தலுக்கு வங்கியிடம் இருந்து அன்றைய தேதியிட்ட நிலுவைக் கடிதம் வாங்குங்கள், கைப்பேசிச் செயலியில் தெரியும் தொகையை நம்ப வேண்டாம். அடுத்து, 2022 முதல் நான் தனியாகக் கட்டிய தவணைகள். முழுவதற்கும் பாதி கேட்டேன். நீதான் வீட்டில் குடியிருந்தாய், எனக்கு வெளியே வாடகை என்றார் அவர். மத்தியஸ்தர் ஒரு வழி சொன்னார். தவணையின் வட்டிப் பகுதி நான் குடியிருந்ததற்குச் சரியாகட்டும், அசல் பகுதியை மட்டும் கணக்கில் எடுங்கள். அசலாகப் போயிருந்தது 3,80,000. அதில் பாதி 1,90,000 அவர் பங்கில் கழிந்து 19,10,000 என்று நின்றது. மாதாமாதம் எந்தக் கணக்கில் இருந்து தவணை போனது என்ற வங்கி விவரம் இல்லாவிட்டால் இதைப் பெற்றிருக்கவே முடியாது. பிரிந்த நாளில் இருந்து தவணையை உங்கள் தனிக் கணக்கில் இருந்து மட்டும் கட்டுங்கள். கோபத்தில் நிறுத்திவிடவும் வேண்டாம். கூட்டுக் கடனில் ஒரு தவணை தவறினாலும் இருவரின் கடன் மதிப்பெண்ணும் விழும், பிறகு பங்கை வாங்கக் கடன் கிடைப்பது கடினம்.

தொகை முடிவானதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தரப்பில் இருந்து வரி என்று ஒரு கோரிக்கை வந்தது. பங்கை விட்டுக்கொடுத்துப் பணம் வாங்கினால் மூலதன ஆதாய வரி உண்டு, 12.5 சதவீதம், அந்த 1,12,500 ரூபாயையும் நீ ஏற்க வேண்டும் என்றார்கள். அவருடைய பாதி 34 லட்சம், வாங்கிய விலையில் பாதி 25 லட்சம், ஆதாயம் 9 லட்சம் என்பது கணக்கு. ஒரு ஆடிட்டரிடம் போனேன். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால் இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இன்னொரு கணக்கும் உண்டு என்றார். பணவீக்கக் குறியீட்டால் வாங்கிய விலையை உயர்த்திப் பார்த்து, மிச்சத்துக்கு 20 சதவீதம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். 2013–14க்குக் குறியீடு 220, 2024–25க்கு 363. 25 லட்சம் அந்தக் கணக்கில் 41 லட்சத்தைத் தாண்டியது. ஆதாயமே இல்லை, வரியும் இல்லை. ஆடிட்டருக்குக் கொடுத்த கட்டணம் இந்தப் பயணத்தில் நான் செய்த செலவுகளிலேயே பலன் தந்த செலவு.

அடுத்தது, இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே வீண். பங்கை மாற்றும் விடுதலைப் பத்திரத்தை விவாகரத்துத் தீர்ப்புக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் இருந்து இந்த உச்சவரம்பு. கணவனும் மனைவியும் அந்தக் குடும்பப் பட்டியலில் இருக்கிறார்கள். தீர்ப்பு வந்துவிட்டால் சட்டப்படி கணவன் மனைவி இல்லை. குடும்பத்தார் அல்லாதவர்களுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். எங்கள் விஷயத்தில் அது இரண்டு லட்சத்துக்கு மேல் போயிருக்கும் என்று என் வக்கீல் கணக்குப் போட்டுக் காட்டினார். வழக்கைப் பரஸ்பர சம்மதமாக மாற்றி இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவில் மனுப் போட்டோம். முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாத அவகாசம் உண்டு. தக்க காரணம் இருந்தால் அதை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் தள்ளுபடி கேட்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் கடனுக்கும் பதிவுக்கும் பயன்படுத்திக்கொண்டோம்.

கடன் விஷயத்தில் வங்கிக்கு உங்கள் விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டீர்கள், இருவரும் பொறுப்பு. ஒருவர் பெயரை எடுக்க, மற்றவரின் சம்பளத்துக்கு முழுக் கடனும் தாங்குமா என்று புதிதாகப் பார்ப்பார்கள். நான் வேறு வங்கிக்குக் கடனை மாற்றி, கூடுதலாகவும் சேர்த்து மொத்தம் 40 லட்சம் வாங்கினேன். அவர்கள் அனுப்பிய மதிப்பீட்டாளர் மறுபடியும் 61 லட்சம் பக்கமாகவே போட்டார். ஆகவே நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட விலையை வைத்து வங்கி கடன் தரும் என்று எண்ண வேண்டாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வங்கி தானே போடும் மதிப்பில் 80 சதவீதம்தான் ரிசர்வ் வங்கியின் வரம்பு. அதற்கும் கீழே உங்கள் சம்பளம் ஒரு வரம்பு. 40 லட்சத்தில் 26 பழைய கடனுக்குப் போக, 14 அவருக்கு. மிச்சம் 5,10,000க்கு என் நகைகளை விற்றேன். அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலியும் அதில் ஒன்று. அன்று அழுதேன். ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவர் விரல்ரேகை வைத்த அதே நேரத்தில் வரைவோலையைக் கையில் கொடுத்தேன். பத்திரம் முன்னா பணம் முன்னா என்ற சண்டை அங்கே எழவில்லை. இரண்டு வங்கிகளிடமும் முன்பே பேசி, பழைய வங்கியின் ஆட்சேபனையின்மைச் சான்றையும் புதிய வங்கியின் ஒப்புதல் கடிதத்தையும் வாங்கி வைத்திருந்ததால் இது முடிந்தது.

வீடு கணவர் பெயரில் மட்டும் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நம் சட்டத்தில் திருமணமானதாலேயே சொத்தில் பாதி என்று எதுவும் கிடையாது. பொதுவாகப் பத்திரத்தில் யார் பெயரோ அவர் உரிமையாளர். ஆனாலும் மதிப்பீடு வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். ஜீவனாம்சம் பேசும்போது அவருடைய சொத்தின் மதிப்பு ஒரு ஆதாரம். முன்பணத்திலோ தவணையிலோ உங்கள் பணம் போயிருந்தால், வங்கி வழியாகப் போன ஒவ்வொரு ரூபாயின் சீட்டையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்கு இடையிலான சொத்து வழக்கையும் குடும்பநல நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் சொல்கிறது. தனியாக வேறு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும் என்று பயமுறுத்தினால் வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

பதிவு முடிந்த பிறகும் சில வேலைகள் பாக்கி இருக்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் பழைய வங்கி மூலப் பத்திரங்களைத் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பரில் இருந்து இருக்கிறது. கேட்கத் தயங்காதீர்கள். 2013இல் பத்திரங்களை ஒப்படைத்ததற்குப் பதிவான ஆவணம் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டேயிருக்கும். கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பழைய வங்கி அதிகாரி வந்து பதிவு செய்தால்தான் அது நேராகும். எனக்கு அதைச் சொன்னவர் பதிவு அலுவலக வாசலில் இருந்த ஆவண எழுத்தர்தான். சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றிலும் விடுதலைப் பத்திரத்தின் நகலைக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பதிவேட்டிலும் மாற்றச் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டண ரசீது இன்னமும் அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது.